எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம்? பந்து எறியும் பிள்ளைகளை அளவெடுப்பதற்கு முன்

பாலிங் ஊரின் பெயர்க் கதையைக் கேட்டிராத கெடா வாசிகள் குறைவு. கோரைப்பல் முளைத்த ராஜா பெர்சியோங் தன் பல்லைப் பிடுங்கி வீசி எறிந்தான், அதனால்தான் அவ்விடத்திற்கு அப்பெயர் வந்தது என்பார்கள். மலாயில் 'பாலிங்' என்றால் எறிதல். பல் எத்தனை மீட்டர் போய் விழுந்தது என்று கதை சொல்வதில்லை. இன்று நடந்திருந்தால் யாராவது கைப்பேசியில் அளந்து புலனத்தில் போட்டிருப்பார்கள்.

பிள்ளைகளின் எறியும் திறனை அளப்பது இப்போது எளிதாகிவிட்டது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு பள்ளித் திடலுக்குப் போனால் சாஃப்ட்பால், கிரிக்கெட், ஈட்டி என ஏதாவது ஒன்றை எறிந்து பழகும் பிள்ளைகளைக் காணலாம். பக்கத்தில் கைப்பேசியோடு ஓர் அண்ணனோ அப்பாவோ நிற்பார். செயலி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணை அமெரிக்கப் பேஸ்பால் அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். "அங்கே பன்னிரண்டு வயதுப் பையன் இவ்வளவு வீசுகிறான், நீ ஏன் இல்லை?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. மறுநாள் பிள்ளை இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக எறிகிறான். சில வாரங்களில் முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்குகிறது.

அளப்பதைத் தவறென்று இச்சிற்றேடு சொல்லவில்லை. சரியாக அளந்தால் பிள்ளைக்கும் பயிற்றுநருக்கும் அது உதவும். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே சொல், பல எறிகள்

மலாயில் குண்டு எறிவதற்கு 'லொந்தார்', ஈட்டிக்கு 'ரெஜாம்', தட்டுக்கு 'லெம்பார்' எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் மூன்றுக்கும் 'எறிதல்' என்றே சொல்லிவிடுகிறோம். மொழிபெயர்ப்பு வேலையில் இது அடிக்கடி தலைவலி தரும். உடலைப் பொறுத்தவரை மலாய்தான் சரியாகப் பிரித்திருக்கிறது. குண்டைத் தோளிலிருந்து தள்ளுகிறோம். தட்டைச் சுழன்று விடுகிறோம். ஈட்டியும் பேஸ்பாலும் தலைக்கு மேலாகக் கையைப் பின்னிழுத்துச் சாட்டைபோல் வீசப்படுபவை. கிரிக்கெட்டில் பந்தை வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டக்கூடாது என்பதால் அது வேறு ரகம். எல்லைக் கோட்டிலிருந்து விக்கெட்டை நோக்கி எறிவது மட்டும் பேஸ்பால் எறியைப் போன்றது.

தலைக்கு மேலான எறியில் வேகம் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. முன்காலை ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது, இடுப்பைத் தொடர்ந்து மார்பு, மார்பைத் தொடர்ந்து தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டும் விரலும். ஒவ்வொன்றும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கைமாற்றிவிடுகிறது. தேர்ந்த வீரரிடம் தோள் உட்புறமாகச் சுழலும் வேகம் விநாடிக்கு 7,000 பாகையைத் தாண்டும். மனித உடலின் மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. காலும் இடுப்பும் தம் பங்கைச் செய்யாவிட்டால் அந்தக் குறையை முழங்கையும் தோளும் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மாமரத்தில் கல்லெறிந்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலரிடம் இந்த வரிசை யாரும் சொல்லித்தராமலே அமைந்திருக்கும். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அதைப் பொறுமையாகக் கற்றுத்தர வேண்டும்.

நாட்டுக்கு நாடு வேறு அளவு

அமெரிக்காவில் 1958-இல் வந்த பள்ளி உடற்தகுதிச் சோதனையில் சாஃப்ட்பால் எறிதலும் இருந்தது. ஆறு அடி இடைவெளியில் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவிலிருந்து மூன்று முறை எறிய வேண்டும். அதிகத் தூரம் கணக்கில் வரும். 1975-இல் செய்த திருத்தத்தில் இச்சோதனை நீக்கப்பட்டது. எறிதல் ஒரு திறமை, அது உடற்தகுதியின் அளவுகோல் ஆகாது என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றிருந்தது.

ஜப்பான் அதைக் கைவிடவில்லை. அங்கே தொடக்கப்பள்ளி மாணவர்கள் இரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நின்று இரண்டு முறை பந்தை எறிகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பந்து மாறி ஹேண்ட்பால் ஆகிறது. பல்லாண்டுகளாக ஒரே முறையில் அளந்து வருவதால், 1980-களின் பிள்ளைகளைவிட இன்றைய பிள்ளைகள் குறைந்த தூரமே எறிகிறார்கள் என்பதை அந்நாட்டால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. பந்து விளையாட இடமும் நேரமும் குறைந்துபோனதை முக்கியக் காரணங்களாகக் கூறுகிறார்கள். ஜெர்மனியின் பள்ளி விளையாட்டு நாளில் 80 கிராம் எடையுள்ள சிறு பந்தும், வளர்ந்த பிள்ளைகளுக்கு 200 கிராம் பந்தும் எறியப்படுகின்றன.

நம் நாட்டில் நான்காம் ஆண்டு முதல் மாணவர்கள் செய்யும் 'செகாக்' சோதனையில் பலகையில் ஏறி இறங்குதல், தண்டால், வயிற்றுப் பயிற்சி, அமர்ந்து கால் நீட்டி எட்டுதல், உடல் எடைக் குறியீடு ஆகியவை உண்டு. எறிதல் இல்லை. ஆகவே "மலேசியப் பிள்ளையின் சராசரி எறிவேகம் இவ்வளவு" என்று யாராவது ஓர் எண்ணைக் காட்டினால், எங்கே, யாரை, எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

பந்தையும் கவனியுங்கள். ஜப்பானியத் தொடக்கப்பள்ளியின் பந்து சுமார் 140 கிராம். நம் பள்ளிகளின் பெரிய சாஃப்ட்பால் 180 கிராமுக்கு மேல் வரும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம், டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. அனைத்துலகப் போட்டிகளில் 18 வயதுக்குட்பட்ட பையன்களின் ஈட்டி 700 கிராம், பெண்களுடையது 500 கிராம். சிறு கைக்குப் பெரிய பந்து சரியாகப் பிடிபடாது. எடையும் பருமனும் மாறும்போது தூரமும் வேகமும் மாறும். டென்னிஸ் பந்தில் வந்த எண்ணைப் பேஸ்பால் அட்டவணையில் தேடுவது, கட்டியில் நிறுத்த அரிசியைப் படியில் அளந்த அரிசியோடு ஒப்பிடுவது போலத்தான்.

மைல் கணக்கு இன்னொரு தொல்லை. அமெரிக்க அட்டவணைகள் மணிக்கு இத்தனை மைல் என்று காட்டும். அங்கே 70 என்றால் நம் கணக்கில் 112 கிலோமீட்டருக்கு மேல். செயலியில் எந்த அலகு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீட்டில் நடக்கும் பாதி வாக்குவாதம் அதோடு தீரும்.

வயது என்பது பிறந்த ஆண்டு மட்டுமல்ல

பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்து அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு வித்தியாசம். ஜப்பானின் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் ஆகஸ்ட் 31-ஐ வயதுக்கான எல்லை நாளாக வைத்திருக்கிறது. மூன்று நாட்டிலும் "பன்னிரண்டு வயது" என்று எழுதியிருந்தாலும் அது ஒரே கூட்டத்தைக் குறிக்காது.

அதைவிடப் பெரிய வேறுபாடு பருவ வளர்ச்சியில் இருக்கிறது. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதையொட்டியும் பையன்கள் 14 வயதையொட்டியும் வேகமாக வளர்கிறார்கள். அந்த ஓராண்டில் ஒரு பையன் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை உயரலாம். படிவம் ஒன்றில் மீசை அரும்பியவனும் இன்னும் சிறுவனாகவே இருப்பவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னவன் வேகமாக எறிவது அவனுடைய உடல் முந்திக்கொண்டதால் இருக்கலாம். பின்னவனுக்கு இரண்டு ஆண்டு பொறுத்தால் போதும். நாடுகளுக்கு இடையே ஒப்பிடும் ஆய்வாளர்கள் வயதோடு உயரம், எடை, உட்கார்ந்த உயரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது இதனால்தான். நின்ற உயரத்தையும் உட்கார்ந்த உயரத்தையும் வைத்துப் பிள்ளை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "பொம்பளப் பிள்ளைக்கு எறிய வராது" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. எறிதலில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி இருப்பது பல நாடுகளில் அளந்து கண்ட உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பிள்ளைகளிடம் கண்டதைவிட அந்த இடைவெளி குறைவாக இருந்தது. எறிந்து பழகும் வாய்ப்புக்கும் இதில் பங்கு உண்டு. மகள் சாஃப்ட்பால் குழுவில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள்.

கருவி சொல்வது எப்போதும் உண்மையா?

ரேடார் வேகமானி தன்னை நோக்கி நேராக வரும் பந்தைத்தான் சரியாக அளக்கும். பக்கவாட்டில் நின்று அளந்தால் எண் குறையும். பந்தின் பாதையிலிருந்து 20 பாகை விலகி நின்றால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 94 என்று தெரியும். 30 பாகை விலகினால் 87 ஆகிவிடும். இரண்டு பள்ளிகள் இரண்டு இடத்தில் நின்று அளந்துவிட்டு, "எங்கள் பையன்தான் வேகம்" என்று சண்டை போட்டுக்கொள்வதில் பயனில்லை. பந்து கையை விட்ட கணத்திலிருந்தே காற்றில் வேகம் இழக்கத் தொடங்குவதால், கருவி எந்த இடத்தில் அளக்கிறது என்பதும் முக்கியம்.

நிறுத்துக் கடிகாரத்தை நம்பவே வேண்டாம். பதினான்கு மீட்டர் தூரத்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து 0.56 விநாடியில் கடந்துவிடும். பொத்தானை அழுத்துவதில் பத்தில் ஒரு விநாடி முன்பின் ஆனாலே விடை 76 ஆகவோ 110 ஆகவோ மாறிவிடும்.

கையில் ரேடார் இல்லாவிட்டாலும் நல்ல வழி ஒன்று உண்டு. இப்போதைய கைப்பேசிகள் பலவற்றில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க வசதி இருக்கிறது. எறிபவரிடமிருந்து 14 மீட்டர் தூரத்தில் ஒரு வலையைக் கட்டுங்கள். கையும் வலையும் ஒன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி நின்று படம் எடுங்கள். பந்து கையை விட்ட படத்திலிருந்து வலையைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். மேலே சொன்ன பந்துக்கு ஏறக்குறைய 134 படங்கள் வரும். ஒரு படம் தவறினாலும் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். எறிபவர் காலை முன்னால் வைத்துத்தான் பந்தை விடுவார், ஆகவே தூரத்தைக் கோட்டிலிருந்து அளக்காமல் பந்து கையை விடும் இடத்திலிருந்து அளக்கவும். இப்படிக் கிடைப்பது வழியெங்கும் உள்ள சராசரி வேகம். ரேடார் காட்டும் தொடக்க வேகத்தைவிட அது சற்றுக் குறைவாகவே இருக்கும்.

பிள்ளை நன்றாக உடலைச் சூடேற்றி, மெதுவான எறிகளை எறிந்து முடித்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் ஐந்து எறி போதும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடம் விடுங்கள். மிக வேகமான ஒன்றை மட்டும் எழுதாமல் ஐந்தையும் எழுதி வையுங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் அது அந்தப் பிள்ளையின் உண்மையான அளவு. ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் அளவெடுப்பில்தான் பிழை. "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று இருபது, முப்பது எறிகளுக்குப் போவதுதான் ஆபத்து. காலையில் எடுத்த அளவை இன்னொரு நாள் காலை எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். உச்சி வெயிலில் சோர்ந்து நிற்கும் பிள்ளையை அளந்தால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.

வேகம் ஒன்றே போதாது

இந்தியாவில் 2008-இல் ஒரு போட்டி நடந்தது. ஊர் ஊராகப் போய், வந்த இளைஞர்களைப் பந்தை எறியச் சொல்லி வேகமானியால் அளந்தார்கள். பேஸ்பால் என்றால் என்ன என்றே அறியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து எறிந்தார்கள். ஈட்டி எறிந்து பழகிய உத்தரப் பிரதேசத்து இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் முன்னணிக்கு வந்தார்கள். ரிங்கு சிங்கின் எறி மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் அமெரிக்க டாலர். சில மாதப் பயிற்சிக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இக்கதை 2014-இல் திரைப்படமானது. அதற்கு ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்ததால் நம்மில் சிலர் பார்த்திருக்கலாம்.

படம் முடிந்த பிறகு நடந்ததைப் பற்றி நம்மிடையே அதிகம் பேச்சில்லை. பட்டேல் 2010-இல் குழுவிலிருந்து விடுவிக்கப்பட்டார். சிங் கீழ்நிலைப் போட்டிகளில் சில ஆண்டுகள் எறிந்தார், பிறகு கைக் காயங்களால் பருவம் பருவமாக விளையாட முடியாமல் போய், இறுதியில் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார். இருவரும் அடைந்தது சாதாரண உயரமல்ல. ஆனாலும் வேகமானி அளந்தது ஒரே ஒரு திறனைத்தான். இலக்கில் போடுவது, ஐம்பதாவது எறியையும் முதல் எறிபோல் எறிவது, அடுத்த வாரமும் வலியின்றி வந்து நிற்பது ஆகியவை அந்த எண்ணில் இல்லை. அவர்களாவது வளர்ந்த இளைஞர்கள். நம் பேச்சு பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது.

வளரும் முழங்கை

பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்துப் பகுதி உண்டு. எலும்பு வளர்வது அங்கேதான். முழுதும் எலும்பாகும் வரை அதுதான் கையின் பலவீனமான இடம். எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத் தசைநார்கள் அத்தட்டை இழுக்கின்றன. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியக்கூடிய அதே இழுப்பில், பிள்ளைக்குத் தட்டு எரிச்சலுற்று, அகன்று, சிலவேளை எலும்பிலிருந்து பிரிந்தும் விடும். முழங்கை உட்புறத்திலுள்ள தட்டு இறுதியாக மூடுவது பதின்மவயதின் நடுப்பகுதியிலோ அதற்குச் சற்றுப் பிறகோதான். தோளின் மேல்நுனியிலும் இதே கதை நடக்கலாம்.

அமெரிக்காவில் 9 முதல் 14 வயது வரையிலான 481 பேஸ்பால் பிள்ளைகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2006-இல் வெளியான இன்னோர் ஆய்வு, அறுவைச் சிகிச்சை வரை போன இளம் எறியாளர்களைக் காயமில்லாதவர்களோடு ஒப்பிட்டது. கை சோர்ந்த பிறகும் தொடர்ந்து எறியும் வழக்கம் இருந்தவர்களிடம் ஆபத்து 36 மடங்கு. இச்சிற்றேட்டில் உள்ள எண்களில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

லிட்டில் லீக் 2007-இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு எறிகளையே எண்ணத் தொடங்கியது. 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 எறி, 11, 12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. பதினான்கு வயதுவரை உள்ளவர்கள் ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. எறிவதை வீரமாகப் போற்றும் ஜப்பானிய உயர்நிலைப்பள்ளிப் பேஸ்பாலே 2020-இல் வாரத்துக்கு 500 எறி என்ற வரம்புக்கு வந்துவிட்டது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஓவர் எல்லை வகுத்திருக்கிறது.

நம் திடல்களில் எண்ணுபவர் யார்? ஒரே பிள்ளை புதன்கிழமை பள்ளிப் புறப்பாட நடவடிக்கையில் எறிகிறான், சனிக்கிழமை மாவட்டப் பயிற்சிக்குப் போகிறான், ஞாயிறு மாலை தோட்டத்து அண்ணன்மாரோடு கிரிக்கெட். மூன்று இடத்திலும் மூன்று பெரியவர்கள். தன் பங்குக்கு அதிகமில்லை என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். மொத்தக் கணக்கு வீட்டில் மட்டுமே தெரியும். அதிகாலையில் பால்மரம் வெட்டப் போய்த் திரும்பும் அம்மாவுக்கும், இரண்டு ஷிஃப்ட் தொழிற்சாலை வேலை பார்க்கும் அப்பாவுக்கும் இது கூடுதல் சுமைதான். அதனால் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் தேதி, எத்தனை எறி, வலி உண்டா இல்லையா என்ற மூன்று மட்டும் போதும். எங்கே எறிந்தாலும் அதில் ஏற வேண்டும்.

வலியைப் பிள்ளைகள் மறைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தேர்வு நாள் நெருங்கும்போது கண்டிப்பாக மறைப்பார்கள். வாயைக் கேட்காமல் கையைப் பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நேராக நீட்டச் சொல்லுங்கள். எறியும் கை மற்றதைப்போல் முழுதாக நீளவில்லையா? முழங்கையின் உட்பக்கத்தை விரலால் மெல்ல அழுத்தினால் முகம் சுளிக்கிறதா? புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறானா? தலைவாரும்போது தோள் வலிக்கிறது என்கிறாளா? வழக்கமாக எறியும் வேகம் காரணமின்றிக் குறைந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எறிவதை உடனே நிறுத்தவும். ஓடலாம், மற்றப் பயிற்சிகளைச் செய்யலாம், எறிதல் மட்டும் வேண்டாம். எண்ணெய் தடவி முறுக்கி உருவி விடுவதையும் தவிர்க்கவும். வளர்ச்சித் தட்டு பிரிந்திருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். வலிமாத்திரை கொடுத்து ஆட்டத்துக்கு அனுப்புவது எக்காரணம் கொண்டும் கூடாது.

இரண்டு, மூன்று நாள் ஓய்வுக்குப் பின்னும் வலி இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போகவும். எறியும்போது 'படக்' என்று சத்தம் கேட்டது, முழங்கை வீங்கிவிட்டது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவர் இரு முழங்கைகளையும் பரிசோதித்து, தேவையானால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, எலும்பியல் நிபுணரிடம் அனுப்பி வைப்பார். பிள்ளையின் அடையாள அட்டையோடு எறிகளைக் குறித்த அந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லவும்.